தஸ்தகீருக்கு வந்த பாஷை

தஸ்தகீருக்குப் பெண் பேசி முடித்த அன்று, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்த அவர்கள் வீட்டில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார்கள். தஸ்தகீரும் போட்டுக்கொண்டான். அது கரையவே இல்லை. நாக்கு அவ்வளவு வறண்டு போயிருந்தது.

பெண் பழனிக்காரி. பெயர் சபுரா. தஸ்தகீர் வேலை பார்த்த கம்பளிக்கடையின் முதலாளி யாகூப் ராவுத்தருக்குத் தங்கை மகள். ராவுத்தர் வீடுகளில் தமிழ்தான் பேச்சு. தஸ்தகீர் வீட்டில் உருது. ஒரே பள்ளிவாசலில் தொழுதாலும் இந்த இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுப்பது அந்தக் கடைவீதியில் வழக்கமில்லை. தஸ்தகீரின் தகப்பனார் இப்ராம்சா அதனால்தான் முதலில் தயங்கினார். பிறகு ராவுத்தரின் குணத்தை நினைத்துச் சம்மதித்தார். ஆனால் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாப்பாடு, சீரு, எல்லாம் உங்க வழக்கப்படி நடக்கட்டுங்க. நிக்காஹ்ல மட்டும் எம்மகன் பொண்ண ஏத்துக்கிட்டேன்னு எங்க பாஷையில சொல்லணும். 'மைனே கபூல் கியா'ன்னு. மூணு தடவ. சபையில எல்லாருக்கும் கேக்கணும்."

"அதுக்கென்னங்க, தாராளமாச் சொல்லட்டும்" என்று ராவுத்தர் சிரித்தார். "எங்க பக்கமும் கபூல்னுதானே சொல்றோம். அவன் கடைவாசல்ல நின்னு கூவுனா ஏரிக்கரை வரைக்கும் கேக்குது. சபை என்ன பெரிய சபை!"

தஸ்தகீருக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

அவனுக்கு வாய் திக்கும். அது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தவர்களுக்கோ அது எப்போதோ தீர்ந்துபோன சங்கதி.

இப்ராம்சா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்த தையற்காரர். மிஷன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை, பங்களாக்காரர்களுக்குக் கோட்டு, குளிர்காலத்துக்கு நீள அங்கி என்று வீட்டின் முன்னறையிலேயே மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பார். துணியில் ஒரு நூல் பிசிறு பொறுக்காத மனிதர். பேச்சிலும் அப்படித்தான். ஆறேழு வயதில் தஸ்தகீர் திக்க ஆரம்பித்தபோது அதை அவர் பிசிறாகத்தான் எடுத்துக்கொண்டார். "ஸாஃப் போல்" என்பார். தெளிவாகச் சொல் என்று அர்த்தம். பையன் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மறுபடி திக்கினால் மறுபடி முதலிலிருந்து. அவர் அடித்ததில்லை. கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார், அவ்வளவுதான். அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

உருதுவில் அவர்கள் வீட்டில் அப்பாவைப் 'பாவா' என்று கூப்பிடுவார்கள். அந்த முதல் எழுத்தில் அவன் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எட்டு வயதுக்குள் அவன் தகப்பனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். தேவையிருந்தால் கிட்டப் போய் நிற்பான்.

தாயார் ஃபக்ருன்னிசா மலைக்குக் கீழே ஒரு தர்காவுக்கு அவனைக் கூட்டிப்போனார். நாக்கு திருந்தினால் வெள்ளியில் நாக்கு செய்து போடுவதாக நேர்ந்துகொண்டார். அந்தச் சமயத்தில்தான் பையன் தெருப்பிள்ளைகளோடு விளையாடப் போக ஆரம்பித்திருந்தான். தெருவில் எல்லாம் தமிழ். அங்கே யாரும் யார் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். தமிழில் அவனுக்குத் திக்கவே திக்காது என்றில்லை. ஆனால் குறைவு. ஒரு சொல் வராது என்று தெரிந்தால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். 'கம்பளி' வராவிட்டால் 'போர்வை'. 'பணம்' வராவிட்டால் 'ரூவா'. பனிமூட்டத்தில் நடந்து பழகினவனுக்குப் பள்ளம் எங்கே என்று கால் சொல்வதுபோல, எந்தச் சொல் மாட்டிக்கொள்ளும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். சுற்றிப் போய்விடுவான். வீட்டு உருதுவில் அப்படிச் சுற்றிப் போக முடியாது. அங்கே அப்பா திருத்துவார்.

ஆகவே வீட்டிலும் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கினான். பிள்ளை தடங்கலில்லாமல் பேசுவதைக் கேட்ட ஃபக்ருன்னிசாவுக்கு அது எந்தப் பாஷை என்பது பெரிதாகப் படவில்லை. காதிலிருந்த ஒரு ஜோடி லோலாக்கை விற்று வெள்ளி நாக்கு செய்து தர்காவில் போட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார், சந்தோஷத்தில். அதன் பிறகு தனக்கு இன்னும் திக்குகிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அப்பா உருதுவில் கேட்பார், மகன் தமிழில் சொல்வான். வருஷக்கணக்காக வீடு அப்படியே ஓடியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூஞ்சிக்கல்லில் உருது வீட்டுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தார்கள். சிலர் கூட்டாளிகளுக்காக, சிலர் பள்ளிக்கூடத்துக்காக. இரண்டு பேர் இங்கிலீஷ் கலந்துதான் வாயையே திறப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தஸ்தகீரும் ஒருவன் என்றுதான் இப்ராம்சா நினைத்தார். 'நம்முடைய பாஷை இவனுக்கு வெட்கமாக இருக்கிறது' என்று மனைவியிடம் சொல்வார். அதைச் சொல்லும்போது மெஷினை வேகமாக மிதிப்பார்.

கடையில் தஸ்தகீருக்கு நல்ல பெயர். சீசனில் வாசலில் நின்று, "கம்பளி, ஸ்வெட்டர், மப்ளர்! வாங்கம்மா வாங்க! ப்ளாங்கெட், ப்ளாங்கெட்!" என்று ராகமாகக் கூவுவான். ராகம் போட்டால் எந்த எழுத்தும் மாட்டாது. அதைக் கேட்டுத்தான் ராவுத்தருக்கு அவன்மேல் பிரியம் வந்தது.

இப்போது ராகமில்லாமல், சுற்றிப் போக வழியில்லாமல், அப்பா பக்கத்தில் நிற்க, சபை நடுவில், ககரத்தில் தொடங்கும் ஒரு சொல்லை மூன்று முறை சொல்ல வேண்டும்.

அவன் ஒத்திகை பார்த்தான். விடியற்காலையில் ஏரிக்கு அந்தப் பக்கம் யூக்கலிப்டஸ் மரங்களுக்குள் போய்ச் சொல்லிப் பார்த்தான். "மைனே கபூல் கியா." பிசிறில்லாமல் வந்தது. மரங்களிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்தது. புல் அறுக்க வந்த ஒரு பெண்பிள்ளை தூரத்தில் தலை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், ககரம் தொண்டையில் கல்லாக நின்றது. வீட்டுக்குத் திரும்பினான். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தான். காய்ச்சல் விட்ட பிறகு வேறு நாள் குறிப்பார்களே. ஓடிப்போகலாமா என்றும் யோசித்தான். வத்தலக்குண்டு வரைக்கும் பஸ். அதற்கப்புறம் எங்கே போவது என்று தெரியவில்லை.

கடைசியில் பொன்னுவேலிடம் சொன்னான். பொன்னுவேல் வடகவுஞ்சிக்காரன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மலைவாழையும் ஆரஞ்சும் கொண்டு வருவான். சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

"திக்குவாயா? ஒனக்கா?" பொன்னுவேல் சிரித்தே விட்டான். "ஏலே, நீ பேசுற பேச்சுல மத்தவன் வாயைத் தெறக்க முடியுதா? மாப்பிள்ளைக் குசும்புடா இது."

தஸ்தகீர் சிரிக்கவில்லை. "இப்பப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்துக்கு நேரே நின்று அந்தச் சொல்லைச் சொல்ல முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. சத்தமே வரவில்லை.

பொன்னுவேலின் சிரிப்பு நின்றது. "விடுலே, விடு. போதும்" என்று தோளைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "இத நடத்தி வைக்கிறவரு யாரு? பொண்ணு ஊரு பள்ளிவாசல் ஹஜ்ரத்தா? அவருகிட்டப் போய்க் கேப்போம். தமிழ்ல சொன்னா செல்லுமா செல்லாதான்னு. ஐயரு மாதிரி அவருக்கும் ஒரு வெவரம் தெரிஞ்சிருக்குமில்ல?" என்றான்.

வடகவுஞ்சி வழியாகப் பழனிக்கு இறங்கும் பழைய பாதையில் இருவரும் நடந்தார்கள். வெள்ளனே கிளம்பியும் பழனி சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளிவாசலில் ஹஜ்ரத் வயதானவர். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை என்று தெரிந்ததும், "என்ன தம்பி, பொண்ணுக்குக் குடுக்குற மஹர் சங்கதியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நிக்காஹ்ல... அந்தச் சொல்லு... உருதுல சொல்லாம தமிழ்ல சொல்லலாமுங்களா?"

"சொல்லலாம். பொண்ணு சார்புல சொல்றவருக்கும், மாப்பிள்ளைக்கும், சாட்சிக்காரங்களுக்கும் வெளங்குற பாஷையா இருக்கணும். ஒத்துக்கிட்டது தெளிவாத் தெரியணும். அம்புட்டுத்தான். ஏன் கேக்குறீங்க?"

ஏன் என்பதைத் தஸ்தகீர் சொல்லவில்லை. ஹஜ்ரத் பெண் வீட்டுக்கு வேண்டியவர். 'மாப்பிள்ளைக்கு வாய் சரியில்லை' என்று ஒரு வார்த்தை அந்தத் தெருவுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தான். "சும்மாதாங்க" என்றான். பொன்னுவேல் அவனை முழங்கையால் இடித்தான்.

செல்லும் என்று தெரிந்தும் நிம்மதி வரவில்லை. அப்பா வைத்த நிபந்தனை அப்படியே இருந்தது. தமிழில் சொன்னால் அப்பாவுக்கு அவமானம். உருதுவில் சொல்லப் போய் நின்றுவிட்டால் எல்லோருக்கும் அவமானம். கல்யாண நாள் நெருங்க நெருங்கத் தஸ்தகீர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். ஃபக்ருன்னிசா, மாப்பிள்ளைக் கூச்சம் என்று சிரித்தார்.

நிக்காஹ் பழனியில், பெண் வீட்டுப் பந்தலில் நடந்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷம், சீசன் முடிந்து மலையில் மழை பிடித்திருந்த சமயம். கீழே பழனியில் வெயில் கொளுத்தியது. தஸ்தகீர் அப்பா தைத்துக் கொடுத்த கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தான். பின்னால், கை எட்டும் தூரத்தில், இப்ராம்சா.

ஹஜ்ரத் ஓதி முடித்து, பெண் பெயரையும் மஹரையும் சொல்லி, கபூலா என்று கேட்டார்.

"மைனே" என்றான் தஸ்தகீர்.

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. தாடை இறுகிக்கொண்டது. பந்தலில் பேச்சு அடங்கியது. யாரோ ஒரு குழந்தையை வெளியே தூக்கிப் போனார்கள். ஹஜ்ரத் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "என்ன, பையனுக்கு இஷ்டமில்லையா?" என்று பக்கத்தில் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. யாகூப் ராவுத்தர் எழுந்து முன்னால் வந்துவிட்டார்.

"தஸ்தகீரு, என்னப்பா? சம்மதந்தானே?"

முதுகுக்குப் பின்னால் இப்ராம்சா அடிக்குரலில், "போல்!" என்றார். பிறகு, "ஸாஃப் போல்."

அது காதில் விழுந்ததும் மிச்சமிருந்த மூச்சும் நின்றுபோனது. அந்த நேரத்தில் ஹஜ்ரத் அவனை நோக்கிக் குனிந்தார். வேப்பமரத்தடியில் கேட்ட கேள்வி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவரே தமிழில் கேட்டார்: "தம்பி, சபுராவை இந்த மஹருக்கு நிக்காஹ் செஞ்சு ஏத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன்" என்றான் தஸ்தகீர். உயிரெழுத்தில் தொடங்கும் சொல். மூன்று முறையும் கணீரென்று வந்தது.

பந்தல் மூச்சு விட்டது. துஆ ஓதினார்கள். ராவுத்தர் அவனைக் கட்டிக்கொண்டு, "பாவிப்பய, ஈரக்கொலைய நடுங்க வச்சிட்டியே" என்றார். தஸ்தகீர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் அப்பா இல்லை. சாப்பிடாமலே போய் வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டார் என்று அப்புறம் சொன்னார்கள். மலைக்குப் போய்ச் சேர்ந்தவர் மகனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்: "அவர்கள் முன்னால் நம் பாஷையைப் பேச அவனுக்குக் கேவலமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு என்னைத் தலைகுனிய வைத்தான்."

அந்த வீட்டுக்குத்தான் சபுரா வந்தாள். உருது ஒரு சொல் தெரியாது. ஆனால் கூச்சமில்லாதவள். மாமியாரோடு அடுப்படியில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினாள். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று கற்றுக்கொண்டதும் எல்லாவற்றுக்கும் நக்கோ. ஆண்பாலையும் பெண்பாலையும் மாற்றிப் போடுவாள். இப்ராம்சாவை ஒருநாள் பெண்ணாக்கிச் சாப்பிட அழைத்தாள். அந்தப் பிசிறு பொறுக்காத மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். மருமகளைத் திருத்துவதே அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. அவள் தப்புத்தப்பாகப் பேசிக்கொண்டே இருந்தாள். தஸ்தகீர் கடையிலிருந்து வந்து இதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவர்கள் சிரிக்கும்போது தனக்குள் எதுவோ சுருங்குவதை அவனால் தடுக்க முடியவில்லை.

சபுராவுக்குக் காது கூர்மை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நீங்க எதையோ சொல்ல வந்து வேற எதையோ சொல்றீங்க. கதவுன்னு ஆரம்பிச்சு வாசல்னு முடிக்கிறீங்க. உங்களுக்கு வாய் திக்குதா?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"சத்தமாப் பேசாத. அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

எல்லாவற்றையும் சொன்னான். அவளிடம் சொல்லும்போது இரண்டு இடத்தில் திக்கியது. அவன் சுற்றிப் போகவில்லை. அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "இம்புட்டுத்தானா?" என்றாள். "உங்க பாவாகிட்டச் சொன்னா தீந்துபோகுமே. அவரு நல்ல மனுஷருங்க."

"அவரு நல்லவருதான். அம்மா லோலாக்க வித்து நேர்ச்ச போட்டிருக்காங்க. சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

மனமில்லாமல் சத்தியம் செய்தாள்.

மகள் பிறந்தாள். ஜஹனாரா என்று இப்ராம்சா பெயர் வைத்தார். பேத்தி வந்த பிறகு அவர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பாய் நிரந்தரமாக விரிந்திருந்தது. குழந்தையிடம் நாள் முழுக்க உருதுவில் பேசுவார். குழந்தை அவரைத் 'தாதா' என்றது. தகப்பனை 'அத்தா' என்று கூப்பிடத் தஸ்தகீர்தான் பழக்கியிருந்தான். அது ராவுத்தர் வீட்டுச் சொல். உயிரெழுத்தில் தொடங்குவது. 'பாவா' என்று பழக்காததையும் இப்ராம்சா கவனித்து மனதில் வைத்துக்கொண்டார்.

மூன்று வயது ஆகும்போது ஒரு காலையில் குழந்தை, "தா... தா... தா... தாதா, ம... ம... மழ" என்றது.

தஸ்தகீர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். விரல் நின்றது. குழந்தை மறுபடி பேசக் காத்திருந்தான். மறுபடியும் அதே மாதிரி. அன்று கடையில் அளந்து கிழித்த ஃபிளானல் துணி ஒரு முழம் தப்பாகிப் போனது. ராவுத்தர் ஏதோ கேட்டதற்கு வேறெதையோ சொன்னான். தன்னிடமிருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது, உருதுவில்தான் அது ஒட்டிக்கொள்கிறது, அப்பாவின் பாயில் உட்கார்ந்துதான் தொற்றுகிறது என்று அவனுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தமிழில் சொன்ன 'மழை'யிலும் குழந்தை திக்கியதை அந்தக் கணக்கில் அவன் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு மகள் வாய் திறந்தபோதெல்லாம் அவன் கண் அவள் உதட்டுக்குப் போனது.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதம். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மலைக்கும் வந்திருந்தது. கடைகள் அடைத்துக் கிடந்தன. டீக்கடை வாசலில் இப்ராம்சா ஒரு சிநேகிதரிடம் உருதுவில் பேசிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து வந்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், "என்ன பெரியவரே, இந்தியிலயா பேச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர், "அது உருது தம்பி. நம்ம டெய்லர் பாய்" என்றதும் பேசாமல் போய்விட்டார்கள். நடந்தது அவ்வளவே. ஆனால் தஸ்தகீருக்கு அது ஒரு சாக்காகக் கிடைத்தது.

அன்று மத்தியானம் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொன்னான்: "வெளிய நெலம சரியில்ல. இனிமே பிள்ளகிட்ட எல்லாரும் தமிழ்லயே பேசுங்க."

இப்ராம்சா மெஷினை நிறுத்தவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மகனிடம் அவர் நேராகப் பேசியது அன்றுதான். உருதுவில் சொன்னார்: "இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் அளவெடுத்திருக்கிறேன். என்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உன் பயம் ஊரைப் பார்த்து இல்லை. உனக்கு வெட்கம். சபையில் என்னைத் தலைகுனிய வைத்தாய். இப்போது இந்தப் பிள்ளையின் நாக்கையும் அறுக்கப் பார்க்கிறாய்."

"அது இல்ல."

"பிறகு எது?"

அடுப்படி வாசலிலிருந்து சபுரா சொன்னாள்: "சொல்லிருங்க. நான் சத்தியம் பண்ணிக்கிட்டேன், சொல்ல மாட்டேன். நீங்க இப்பச் சொல்லலேன்னா எப்பவும் சொல்ல மாட்டீங்க."

அவன் அப்பா பக்கம் திரும்பினான். தமிழில் சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த நேரத்தில் தமிழில் சொன்னால் அவர் நம்ப மாட்டார் என்று தோன்றியது. சின்ன வயதுக்குப் பிறகு முதல்தடவையாக அவரைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"பா..."

உதடு ஒட்டிக்கொண்டது. "பா... பா..." தலை ஒரு பக்கமாக இழுத்தது. கண் மூடிக்கொண்டது. நெற்றியில் வேர்வை அரும்பியது. குழந்தை பயந்துபோய்த் தாயிடம் ஓடியது. ஃபக்ருன்னிசா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். மெஷின் நின்றது.

"ஸாஃப்" என்று இப்ராம்சாவின் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. மிச்சத்தை அவர் சொல்லவில்லை. மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலில் அவர் பார்த்தது மகனின் முதுகை மட்டும்தான்.

பிறகு அவர் தமிழில் பேசினார். மகனிடம் அதுவரை அவர் தமிழில் பேசியதே இல்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் அளவு எடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற தமிழ். அதில் 'ங்க' போடாமல் பேச அவருக்கு வராது.

"சொல்லுங்க" என்றார். "தமிழ்லயே சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. அவசரமில்ல."

தஸ்தகீர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னான். பாவா என்ற சொல்லைப் பற்றி, யூக்கலிப்டஸ் மரங்களைப் பற்றி, பந்தலைப் பற்றி, குழந்தையைப் பற்றி. நடுவில் திக்கியபோதெல்லாம் இப்ராம்சா துணியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபக்ருன்னிசாவுக்குத்தான் தாங்கவில்லை. "அப்படியானால் நான் போட்ட நேர்ச்சை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். சில நாள் மகனுக்குச் சோறு போட்டாரே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சபுராவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தர்காவுக்குப் போய் வந்தார். என்ன கேட்டார் என்று சபுராவிடமும் சொல்லவில்லை.

இப்ராம்சா மகனுக்கு 'ங்க' போடுவது கொஞ்ச நாள் நீடித்தது. "சாப்பிடுங்க", "குடை எடுத்துட்டுப் போங்க" என்பார். தஸ்தகீருக்கு உடம்பு கூசும். போகப் போக அவர் உருதுவுக்குத் திரும்பினார். மகன் தமிழில் பதில் சொன்னான். பழையபடிதான். ஆனால் அவர் யாரையும் திருத்துவதை விட்டுவிட்டார், மருமகளைக்கூட. அது அவளுக்குக் குறையாக இருந்தது.

குழந்தையிடம் யார் எந்தப் பாஷையில் பேசுவது என்ற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் ஜஹனாராவின் திக்கல் போய்விட்டது. அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வந்து போவதுதான் என்று மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார். தஸ்தகீர் நம்பவில்லை. தனக்கும் போய்விட்டது என்றுதானே எல்லோரும் நினைத்தார்கள்? மகள் பேசும்போது அவன் காது இன்னும் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணிக்கொண்டிருந்தது.

அறுபத்தேழு ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனான். முதல் வகுப்பு டீச்சர் லீலா, இளவயதுக்காரர். பெயர் கேட்டார். ஜஹனாரா ஒரு நொடி தாமதித்தாள். தஸ்தகீரின் கண் அவள் உதட்டுக்குப் போனது. பிறகு அவள் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

"கெட்டிக்காரி. வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?"

"தாதாகிட்ட உருது. அம்மாகிட்டத் தமிழு. தாதிம்மாகிட்ட ரெண்டும்."

"அத்தாகிட்ட?"

ஜஹனாரா தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தாகிட்ட கொஞ்சந்தான் பேசுவேன் டீச்சர். நான் பேசுனா அத்தா பயப்படுவாங்க."

டீச்சர் சிரித்தபடி வேறெதையோ கேட்டார். அது தஸ்தகீரின் காதில் ஏறவில்லை. மகளை விட்டுவிட்டு வெளியே வந்தவன் மதிற்சுவர் ஓரமாகவே நின்றான். உள்ளே பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. அப்பா கத்தரிக்கோலோடு பார்த்துக்கொண்டிருந்த பார்வை நினைவுக்கு வந்தது. தானும் கையில் ஒன்றும் இல்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று அவனுக்குப் பட்டபோது, கடைக்குப் போகக் கால் எழவில்லை.

சாயங்காலம் அவனே போய் அவளை அழைத்து வந்தான். ஏற்றத்தில் மெதுவாக நடந்தார்கள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு? அத்தாகிட்டச் சொல்லு" என்றான்.

அவள் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஒரு பையன் அழுதது, யாருடைய பலகையோ உடைந்தது, டீச்சர் தலையில் வைத்திருந்த பூ. பாதி தமிழிலும் பாதி உருதுவிலும் வந்தது. தஸ்தகீர் அவள் உதட்டைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். அவள் கண்ணைப் பார்த்தான். அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் அவள் சட்டென்று நின்றுபோனாள். அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. கொடுக்கவில்லை. சும்மா நின்றான்.

பாதைக்குக் கீழே யாரோ ஒருவருடைய பசு வேலியைத் தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தாண்டி முடிக்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.